நிகர எடை

வாளையாரில் மலை ரெண்டாய் விலகி
காற்றுக்கு வழிவிட்ட இடத்தில்
எங்கள் எடைமேடை.
ஆறுக்கு நாலு கேபின், ஒரு மைக், ஒரு விசிறி.
ராத்திரி ஷிஃப்ட் எனக்கு.
"கொஞ்சம் முன்னால... போதும். என்ஜின் ஆஃப்."
லாரிகளிடம் இதையே சொல்லிச் சொல்லி
நிதானப்பட்டது என் குரல்.

பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வண்டி குறையும்.
விசிறியை நிறுத்துவேன்.
ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டு
ரசீதுக் கட்டின் மேல் போனைச் சாய்த்து
ஒரு கதை வாசிப்பேன்.
பாட்காஸ்ட் என்றதும் முதலாளி வர்கீஸ்
"அது என்ன, பூச்சிமருந்தா?" என்றார்.
"பெரியவர்களுக்கான கதைகள்" என்று பேர் வைத்ததில்
முதல் வாரம் இருநூறு பேர்
வேறெதையோ எதிர்பார்த்து வந்து ஏமாந்து போனார்கள்.
பதினேழு பேர்
ஏமாந்த பிறகும் இருந்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள்,
எட்டு வயசுக்கு மேல் நமக்கு
யார் எதை வாசித்துக் காட்டினார்கள்?
பத்திர ஆபீசில் நான்கு எல்லைகளை.
கோர்ட்டில் நம் பேரை, மூன்று தரம்.
ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஒரு நர்ஸ்,
கையெழுத்துப் போடும் இடம் வரைக்கும்.

என் கதைகளில் ஹாரன் சத்தம் உண்டு.
யானை கடக்கும் வளைவில் ரயில் ஊதுவதும் விழும்.
ஒரு சாவுக்கு நடுவில் யாரோ
"சேச்சி, சில்லற உண்டோ?" என்றதை
நான் வெட்டவில்லை.

போன மாசம் வாசித்தது
கொழிஞ்சாம்பாறை லைன்மேன் ஒருவர் எழுதிய கதை.
பதினோரு வருஷம் கழித்து வந்தவன்
வாசலில் நின்று தட்டுகிறான்.
உள்ளே அவள், தாழ்ப்பாளில் கை.
கடைசிப் பத்தியில் மாட்டு லாரி வந்துவிட்டது.
எடை போட்டு, காசு வாங்கி, திரும்பி உட்கார்ந்தால்
தாழ்ப்பாளில் கை வைத்திருந்த குரல்
தொண்டையில் இல்லை.
அப்படியே ஏற்றிவிட்டேன்.
"என்ன ஒரு முடிவு!" என்று எழுதினார்கள்.
லைன்மேன் ஒன்றும் எழுதவில்லை.

நேற்று ரெண்டேகாலுக்கு
சங்ககிரி வண்டி, வெங்காய லோடு.
"கொஞ்சம் பின்னால எடுங்க" என்றேன் மைக்கில்.
நகரவில்லை.
மறுபடி சொன்னேன்.
என்ஜினை அணைத்து டிரைவர் இறங்கி வந்து
சாக்கை ஒதுக்கி
"தொறந்தாளாங்க?" என்றார்.

"குதிரான் கொகைக்குள்ள நெட்டு போயிருச்சுங்க.
வெளிய வந்தா கதை முடிஞ்சிருந்துது."
பழியைக் குகை மேல் போட்டு நான் தப்பித்திருக்கலாம்.
"திரும்பப் போட்டுக் கேக்கலையா?"
"இல்லீங்க."
தலைத்துண்டை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.
"பயமா இருந்துது. நானும் ஊட்டுக்குப் போயி
நாளாச்சுங்க."

மேஜை டிராயரில், ரசீதுக் கட்டுக்கு அடியில்
லைன்மேனின் தாள், வெங்காயத் தோல் மாதிரி மடங்கி.
எடுத்து வாசித்தேன்.
அவள் திறந்தாள்.
திறந்தவள் அவனைத் தாண்டிப் போய்
குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு
குழாயடிக்கு நடந்தாள்.
கதவு திறந்தே கிடந்தது.

"அவ்வளவுதானுங்களா?"
"அவ்வளவுதான்."
"சாத்தலையில்ல?"
"சாத்தலை."

ஏறி உட்கார்ந்து, நான் சொல்லாமலே
சரியாகப் பின்னால் எடுத்து நிறுத்தினார்.
இருபத்தேழு டன், தொள்ளாயிரத்து நாற்பது.
ரசீதை வாங்காமல் போய்விட்டார்.
திருச்சூர்ப் பக்கமா, திரும்பி சங்ககிரிப் பக்கமா,
காற்றில் எனக்குத் திசை பிடிபடவில்லை.

மைக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன்.
அடுத்து நின்ற மாட்டு லாரியிலிருந்து
ஒரு தலை வெளியே நீண்டது:
"எந்தா சேச்சி, என்னிட்டு அவன் அகத்து கேறியோ?"

அது தாளில் இல்லை.
கொஞ்சம் முன்னால, என்றேன்.
போதும்.